சாந்தி பர்வம் முடிந்த பிறகும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 63. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயரும் ஊரும் போட வேண்டாம். முப்பது வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கீதைக்கு மட்டும் ஐந்து உரைகள் வைத்திருக்கிறேன். குறள் பெரும்பாலும் மனப்பாடம். எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் கீதை வகுப்பு எடுப்பவனும் நான்தான்.

என் அண்ணன் இறந்து இன்றோடு 41 நாள். அப்பா விட்டுப்போன வீட்டையும் தென்னந்தோப்பையும் பிரிப்பதில் தகராறு வந்து, நான்தான் வழக்குப் போட்டேன். 11 வருடம் பேச்சில்லை. கடைசியாக அவரைப் பார்த்தது ஒரு கல்யாணப் பந்தியில். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். மோர் சாதம்கூடச் சாப்பிடவில்லை.

இப்போது இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஆத்மாவை ஆயுதம் வெட்டாது, தீ எரிக்காது என்று மற்றவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எனக்கு உதவவில்லை. “இவ்வளவு படிச்சவர், நீங்களே இப்படி இருந்தா எப்படி சார்?” என்கிறார்கள். வகுப்பை நிறுத்திவிட்டேன்.

என் மனைவி எதுவும் படிப்பதில்லை. காலண்டரில் ராசிபலன் பார்ப்பதோடு சரி. அவள் நன்றாகத் தூங்குகிறாள். இத்தனை வருடமும் வாரம் ஒருமுறை அண்ணியோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அந்த நேரத்தில் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். விஷயத்தின் ஆழம் அவளுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஞானம் வந்தால் அமைதி வரும் என்றுதானே எல்லா நூலும் சொல்கின்றன? வரவில்லை என்றால் நான் பெற்றது ஞானமே இல்லையா? அல்லது ஒன்றும் தெரியாதவர்களுக்குத்தான் நிம்மதி கிடைக்குமா?

பி.கு: அண்ணனின் வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனுவில் கையெழுத்துக் கேட்டு வக்கீல் வேறு போன் செய்துகொண்டே இருக்கிறார். எதிலும் மனம் ஓடவில்லை.

(ஒரு வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணனுக்கு என் அஞ்சலி. கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்வியைவிட அந்தப் பந்தியும் மூடிய இலையும்தான் மனதில் நின்றன. அங்கேதான் வரப்போகிறேன், ஆனால் கொஞ்சம் சுற்றி.

நம் பக்கத்தில் பாரதம் எங்கே முடிகிறது என்று யோசித்துப் பாருங்கள். வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டாம் போர், படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன், தீமிதி, அப்புறம் தருமர் பட்டாபிஷேகம். மேளம் கொட்டி முடித்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வில்லிபுத்தூராரும் சௌப்திக பருவத்தோடு, பத்துப் பருவத்தில் கதையைக் கட்டிவைத்துவிட்டார். அதனால் போர் முடிந்தபின் தருமன் பட்ட பாடு நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வியாசரின் தருமன் பட்டம் கட்டிக்கொள்ளவே மறுக்கிறான். காட்டுக்குப் போகிறேன் என்கிறான்.

காரணம் ஒரு அண்ணன். கங்கைக் கரையில் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும்போதுதான் குந்தி வாய் திறக்கிறாள்: கர்ணனுக்கும் செய்யுங்கள், அவன் உங்களுக்கு மூத்தவன். சாந்தி பர்வத்தின் தொடக்கத்தில் தருமன் நாரதரிடம் ஒரு விஷயம் சொல்கிறான். சூதாட்டச் சபையில் கர்ணன் கடுமையாகப் பேசியபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் பாதங்களைப் பார்த்ததும் தணிந்துவிட்டது. அவை என் அம்மாவின் பாதங்களைப் போலவே இருந்தன. ஏன் என்று யோசித்தேன், காரணம் பிடிபடவில்லை.

தோற்றுப்போய்த் தலை குனிந்திருந்தவன் கண்ணில் பாதம்தான் பட்டிருக்கும். பார்த்துவிட்டான், அம்மாவின் சாயல் என்றுகூடத் தெரிந்துவிட்டது, அதற்கு மேல் போகவில்லை. தர்மசாஸ்திரம் முழுதும் தெரிந்தவன், எதிரில் நிற்பவன் யார் என்று தெரியாமல் இருந்துவிட்டான். நீங்கள் இலையை மூடிய இடத்தைப் படித்ததும் எனக்கு இந்தப் பாதங்கள்தான் நினைவுக்கு வந்தன.

சரி, தருமனுக்கு ஆறுதல் சொல்ல ஆள் பஞ்சமா? கிருஷ்ணன் இருக்கிறான், வியாசர் வருகிறார், நாரதர் வருகிறார். அம்புப் படுக்கையில் கிடந்தபடி பீஷ்மர் பேசுகிறார். ராஜதர்மம், ஆபத்தர்மம், மோட்சதர்மம் என்று விரிந்து மகாபாரதத்திலேயே மிக நீளமான பர்வம் இதுதான். பூனா பதிப்பில் 353 அத்தியாயங்கள். (ம.வீ. இராமானுஜாசாரியார் வெளியிட்ட கும்பகோணம் பதிப்பில் இதை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்து, அரசன் வரி வாங்க வேண்டிய முறை வரும் இடத்தில் தூங்கிப்போனவன் நான். வண்டு தேன் எடுப்பதுபோல வாங்க வேண்டுமாம். அது மட்டும் நினைவிருக்கிறது.) பெயரே சாந்தி பர்வம். உலகில் அமைதியைப் பற்றி இவ்வளவு நீளமாக யாரும் யாருக்கும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள்.

அது முடிந்து அடுத்த பர்வம், அனுசாசனம், தொடங்குகிறது. தருமன் வாய் திறக்கிறான். பாட்டனாரே, அமைதியைப் பற்றிப் பல விதமாக, நுட்பமாகச் சொன்னீர்கள்; இப்படியொரு காரியத்தைச் செய்துவிட்ட என் நெஞ்சில் சாந்தி இல்லை.

இந்த இடத்தை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேட்டவன் சாதாரண ஆள் இல்லை, தருமன். சொன்னவர் பீஷ்மர். 353 அத்தியாயம் வேலைக்கு ஆகவில்லை என்று நூலே ஒப்புக்கொள்கிறது. பிறகு ஒரு கதை கேட்டதும் தருமனுக்கு ஜுரம் விட்டது என்று வருகிறது. விட்ட ஜுரம் நிற்கவில்லை. பீஷ்மர் இறந்து, அவருக்கும் நீர்க்கடன் செய்து கரையேறுகிறவன் மறுபடி கங்கைக் கரையில் விழுகிறான். பீமன் தாங்கிப் பிடிக்கிறான். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த திருதராஷ்டிரன் வந்து, அழ வேண்டியவன் நானல்லவா என்கிறான். கடைசியில் வியாசருக்கே பொறுமை போய்விடுகிறது. உன் புத்தி இன்னும் பக்குவப்படவில்லையப்பா, நாங்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப ஆகாயத்தைப் பார்த்தா பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டுவிடுகிறார். இதெல்லாம் அனுசாசனத்துக்கு அடுத்த அசுவமேதிக பர்வத்தில். அதே பர்வத்தில் அர்ஜுனன் இன்னொரு பக்கம் கிருஷ்ணனிடம் போய், போர்க்களத்தில் நீ சொன்னதெல்லாம் மறந்துவிட்டது, மறுபடி சொல் என்கிறான். கீதையை நேரில் கேட்டவன்! கிருஷ்ணனுக்குக் கோபம். முழுதாக இனி என்னால் சொல்ல முடியாது என்கிறான். உங்கள் சனிக்கிழமை வகுப்பில் இதையும் சொல்லுங்கள், வருகிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

ஆக, கலங்குகிறீர்கள் என்பதற்காக உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவுகட்ட வேண்டாம். பேசாமலேயே ஒரு அண்ணனை இழந்துவிட்டு, நாற்பதாம் நாள் ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினால் எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை வரும். ஆத்மாவை ஆயுதம் வெட்டாது என்பதைச் சொல்லித் தூங்கப் பார்த்தீர்கள், தூக்கம் வரவில்லை. வராதது நல்லது என்றே நினைக்கிறேன். உங்களை எழுப்புவது அந்த இலை. அதற்குச் சுலோகத்தில் பதில் இல்லை.

பீஷ்மர் சொன்ன அந்தக் கதைக்கு வருகிறேன். அது ஒரு கிழவியின் கதை. பெயர் கௌதமி. மகனைப் பாம்பு கடித்துச் செத்துப்போகிறான். அர்ஜுனகன் என்ற வேடன் பாம்பைப் பிடித்து நரம்புக் கயிற்றால் கட்டி அவளிடம் கொண்டுவருகிறான். சொல்லம்மா, நெருப்பில் போடவா, துண்டு துண்டாக நறுக்கவா? அவள் விட்டுவிடு என்கிறாள். இதைக் கொன்றால் என் பிள்ளை எழுந்து வரப்போவதில்லை.

வேடன் விடுவதாக இல்லை. பாம்பு தன் கட்சியைப் பேசுகிறது: நான் என்ன செய்ய, மரண தேவனான மிருத்யு ஏவினான். மிருத்யு வந்து, காலத்தின் தேவனான காலன் ஏவினான் என்கிறான். காலன் வந்து எங்கள் யார்மேலும் குற்றமில்லை, பையனுடைய கர்மம் என்கிறான். நீளமான வாதம். நம் வகுப்புகளில் இந்தப் பகுதியைத்தான் விரிவாக எடுப்பார்கள். கர்மம், விதி, பலகையில் படம் போட்டு அம்புக்குறி.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். தத்துவம் பேச மிருத்யுவும் காலனும் வந்து சேருவதற்கு ரொம்ப முன்பே கௌதமி கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டாள். வாதம் முழுதும் வேடனுக்காக நடக்கிறது. அவளுக்கு அது தேவைப்படவில்லை. எல்லாம் கேட்டு முடித்து, சரி, என் கர்மமும்தான், இவர்கள் போகட்டும், பாம்பை விடு என்று முதலில் சொன்னதையே திரும்பச் சொல்கிறாள். கடைசியில்தான் வேடனின் கோபம் போயிற்று, கௌதமியின் சோகமும் போயிற்று என்று வருகிறது. அதற்கு முன் கயிறு அவிழ்ந்தாக வேண்டியிருந்தது. கதை தொடங்கும்போதே அவளை அமைதி கூடியவள் என்று பீஷ்மர் சொல்லிவிடுகிறார். அமைதி முதல் வரியிலேயே இருந்தது, துக்கம் கடைசி வரியில்தான் போனது. இடைப்பட்ட நேரமெல்லாம் இரண்டும் அவளிடம் சேர்ந்தே இருந்தன என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இப்போது உங்கள் மனைவி.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு ஒப்பாத ஒரே வரி, அவருக்கு ஆழம் புரியவில்லை என்பது. 11 வருடம், வாரம் ஒருமுறை என்றால் ஐந்நூறுக்கு மேற்பட்ட தடவை அந்தப் போன் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்தபடிதான் அவர் பேசியிருக்கிறார். வழக்குப் போட்டவர் வீட்டிலிருந்து வரும் போனை உங்கள் அண்ணியும் எடுத்திருக்கிறார். என்ன பேசியிருப்பார்கள்? சுகர் எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு, பேரன் நடக்கிறானா. ஓரகத்திகள் பேசுவதுதான். உங்கள் மனைவி தூங்குவது ஒன்றும் தெரியாததால் இல்லை. பாக்கி வைக்கவில்லை, தூங்குகிறார். வங்கிக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

குறள் மனப்பாடம் என்கிறீர்கள். இன்னா செய்யாமையில் ஐந்தாவது குறளை நினைவுபடுத்துகிறேன். “அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போற் போற்றாக் கடை.” அறிவு இருக்கிறதா என்று பார்க்க வள்ளுவர் இந்தக் குறளில் உங்கள் மனநிலையை விசாரிக்கவே இல்லை. இன்னொருவர் வலியை எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்கிறார். படித்தவர்கள் நாம் (என்னையும் சேர்த்துத்தான்) அறிவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அதனால் எனக்கு என்ன கிடைக்கும் என்றுதான் கேட்கிறோம். நிம்மதி கிடைக்குமா, தூக்கம் வருமா. ராசிபலன் பார்ப்பவரைவிட நாம் எந்த விதத்தில் மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் பின்குறிப்பில் இருக்கிறது. அண்ணன் போய்விட்டார், வழக்கு உயிரோடு இருக்கிறது. இப்போது வக்கீல் கேட்பது, அண்ணன் பெயர் இருந்த இடத்தில் அண்ணியின் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் எழுத உங்கள் சம்மதம். நான் சட்டம் படித்தவனில்லை. ஆனால் சிவில் வழக்கில் பிரதிவாதி இறந்தால் வாதி 90 நாளுக்குள் இந்த மனுவைப் போட வேண்டும், போடாவிட்டால் இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு விழுந்துவிடும் என்பது பொது விதி. உங்கள் வழக்கில் யார் யார் கட்சிக்காரர்கள், என்ன நுணுக்கம் என்பதை வக்கீலிடமே கேளுங்கள். 41 போக 49 நாள் மிச்சம். கட்டின பாம்பும் கையுமாக வேடன் வாசலில் நிற்கிறான், அதனால்தான் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

தோப்பு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பங்கு நியாயமானதாகவே இருக்கலாம். அதைக் கோர்ட்டில்தான் வாங்க வேண்டுமா, இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி ஒரு பாகப்பத்திரம் எழுதிக்கொள்ள முடியுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அண்ணியின் பெயரை அந்தக் காகிதத்தில் ஏற்றிவிட்டால் உங்கள் வீட்டிலிருந்து போகும் வாராந்தரப் போன் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மனுவைப் போடாமல் விட்டால் இரண்டு மணி விழிப்பு நின்றுவிடும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். தருமனுக்கே திரும்பத் திரும்ப வந்தது.

வகுப்பை மறுபடி எப்போது தொடங்குவது என்பதெல்லாம் பிறகு. வக்கீலுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த முறை உங்கள் மனைவி அண்ணிக்குப் போன் போடும்போது மாடிக்குப் போகாதீர்கள். அந்த அறையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருங்கள். போனை உங்கள் கையில் கொடுத்தாலும் கொடுப்பார்.

அன்புடன்