விசிட்டிங் கார்டில் என்ன போடுவது?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. நண்பர்களோடு ஓர் இணைய நிறுவனம் நடத்தி, மூடினோம். பிறகு ஆறு வருடம் அரசுத் துறையில். இப்போது நிறுவனங்களுக்குத் தகவல் தொடர்பு ஆலோசகர்; வெளியே எதை எப்படிச் சொல்வது என்று யோசனை சொல்பவன். 'எதிலும் நிலைக்காதவன்' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இப்போதைய வேலையும், உண்மையைச் சொன்னால், பொய்க்குப் பவுடர் பூசுவதுதான். விசிட்டிங் கார்டில் என்னவென்று போடுவது?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் இதே குழப்பத்தில்தான் இருந்தேன். ஒரு கூட்டத்துக்காக என்னைப் பற்றி நாலு வரி கேட்டிருந்தார்கள். நீங்கள் சொன்ன மூன்று வேலையையும் நானும் பார்த்தவன். ஒரு மாலை முழுக்கப் போயும் இரண்டாவது வரி வரவில்லை.

வயதை விடுங்கள். சொந்தக்காரர்களையும் விடுங்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் அச்சகம் நடத்தினார், தபால் துறைக்குத் தலைவரானார், தூதராகவும் போனார். 1998-இல் லாஸ்ட்மினிட்.காம் என்ற பயண முன்பதிவு இணையதளத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மார்த்தா லேன் ஃபாக்ஸ், 2010-இல் பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு பரிந்துரை எழுதினார். துறைக்கொன்றாகச் சிதறிக் கிடந்த இணையதளங்கள் 2012 முதல் ஒரே தளத்துக்குள் வந்ததற்கு அதுதான் தொடக்கம். சரி, போகட்டும்.

'பொய்க்குப் பவுடர்' என்றீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். அப்படி நினைப்பவர் அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட உட்காரக் கூடாது. நினைத்துக்கொண்டே சம்பளம் வாங்குவது அதைவிட மோசம்.

2000 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான நாஸ்டாக் 5,000-ஐத் தாண்டி உச்சத்துக்குப் போய்ச் சரிந்தது. அந்தச் சரிவில் எங்கள் சின்னக் கம்பெனியும் போனது. வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டிய கடிதத்தை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் 'புதியதொரு பயணத்தை நோக்கி' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். கம்பெனியில் கணக்குப் பார்த்த பெண்மணி அதைப் படித்தார். பேசவில்லை. சிவப்புப் பேனாவால் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அடியில் எழுதினார்: 'வெள்ளிக்கிழமை மூடுகிறோம். உங்கள் முன்பணம் திங்களுக்குள் வந்துவிடும்.' அதையே அனுப்பினோம். நான் பயந்த அளவுக்கு யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், 'இது உங்களுக்கு எப்போது தெரியும்?' என்று கேட்டார். மூன்று வாரம் முன்பே தெரியும் என்று பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

அப்புறம் அரசு அலுவலகம். அங்கே எல்லாருக்கும் ஒரே பதில்தான் போகும்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அதை 'உங்கள் மனுவில் பிறப்புச் சான்று இல்லை' என்று மாற்ற ஒரு வருடம் மல்லுக்கட்டினேன். எழுதியது நான், சொல்லிக்கொடுத்தது அந்தச் சிவப்புப் பேனா.

உங்கள் தொழிலின் முன்னோடியான அமெரிக்கர் ஐவி லீயும் இதைத்தான் செய்தார். விபத்து நடந்தால் மூடி மறைப்பதே ரயில் கம்பெனிகளின் வழக்கமாக இருந்த காலம். 1906-இல் பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று விபத்துக்குள்ளானபோது, நிருபர்களை அந்த இடத்துக்கே அழைத்துப் போகச் செய்தார். பின்னாளில் அவரே முதலாளிகள் பக்கம் நின்று பெயரைக் கெடுத்துக்கொண்டது வேறு கதை. ஆனால் நீங்கள் பார்ப்பது பவுடர் பூசும் வேலை இல்லை. 'இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்' என்று முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொல்கிற வேலை. போன மாதம் எத்தனை முறை அப்படிச் சொன்னீர்கள்? எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

கார்டில் என்ன போடுவது என்றுதானே கேட்டீர்கள்? பெயரும் போன் நம்பரும் போதும். என்னுடைய நாலு வரி இன்னும் போகவில்லை. இன்று காலைகூட நினைவுபடுத்தினார்கள்.