யானை தொடங்கிய வரிசையிலிருந்து போர்வை சுருங்குகிறது: பிரிப்பதா, இஸ்திரி போடுவதா?

களியக்காவிளைக்கு அருகில் வசிக்கும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பாறசாலையில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தையின் இருபத்தெட்டுக் கெட்டுக்கு (பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் சடங்கு) கையால் பின்னிய குரோஷே போர்வை ஒன்றைக் கொடுக்க ஆசைப்பட்டு, வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழியாக நூலும் கட்டப் படமும் அடங்கிய கிட் வாங்கினேன். வெள்ளைத் தரையின் நடுவில் சிவப்பும் கருநீலமும் கொண்ட யானை. 120 பின்னல், 75 செ.மீ. அகலம். முதல் 30 வரிசை வெறும் வெள்ளை. அது நன்றாக வந்தது. யானை தொடங்கி 22 வரிசை ஆன நிலையில் அகலம் 68 செ.மீ. ஆகக் குறைந்துவிட்டது. வெள்ளைக்குள் சிவப்பு நிழலாகத் தெரிகிறது, பின்பக்கம் நூல்கள் தொங்குகின்றன. முடித்த பிறகு இஸ்திரி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் விற்றவர். நான் சிறுவயதில் கன்னியர் மடத்தில் லேஸ் கற்றவள், எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா? அதே நபர், முன்பணம் கட்டினால் நான் பின்னும் போர்வைகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். சேரலாமா?"

இஸ்திரி போடாதீர்கள், எல்லாவற்றையும் பிரிக்கவும் வேண்டாம். யானை தொடங்கும் வரிசை வரை மட்டும் பிரியுங்கள். அகலத்தில் ஒன்றிரண்டு செ.மீ. குறைந்திருந்தால், நனைத்து, தட்டையாக விரித்து, ஓரங்களை ஊசி குத்தி உலரவைத்தே சரிசெய்திருக்கலாம். ஏழு செ.மீ. குறைந்திருக்கிறது என்றால் பின்னலுக்குள் ஓடும் நூலே நீளம் போதாமல் கிடக்கிறது என்று பொருள். போதாத நூலை எந்தச் சூடும் நீட்டித் தராது. கிட்டில் வந்தது அக்ரிலிக் என்ற செயற்கை நூலாக இருந்தாலோ, இஸ்திரிச் சூட்டில் அது உயிரற்றுத் தொய்ந்து, பழைய நிலைக்கு ஒருபோதும் திரும்பாது. இதை அறியாமல்தான் விற்றவர் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. முடித்த பிறகு இஸ்திரி போடச் சொன்னால், அதுவரை நீங்கள் நூலைத் திருப்பிக் கொடுக்க வரமாட்டீர்கள்.

சுருக்கத்தின் காரணம் உங்கள் கையில் இருக்கிறது. அது குறையல்ல, பயிற்சியின் விளைவு. நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா தொடங்கிவைத்த லேஸ் வேலை, தலையணை மேல் கட்டைகளைக் கொண்டு பின்னுவது. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே வேறு. ஆனாலும் நம் மாவட்டத்து மடங்களில் இரண்டில் எதைக் கற்றவர்களுக்கும் கை பழகியது மெல்லிய பருத்தி நூலுக்குத்தான். நாற்பதாம் நம்பர் நூலை ஒரு மில்லிமீட்டர் ஊசியில் பின்னும்போது ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இறுக்கினால்தான் லேஸ் விறைப்பாக நிற்கும். தடித்த நூலில் இரண்டு மூன்று நிறங்களைச் சேர்த்துப் பின்னும்போது, பயன்படாமல் பின்னலுக்குள் ஒளிந்து வரும் நிற நூலையும் அதே கை அறியாமல் இழுத்துவிடுகிறது. கண்ணிகள் தளர்வாகவே இருந்தாலும், உள்ளே ஓடும் நூல் நாடா கோத்த பாவாடை போல வரிசை முழுவதையும் சுருக்கிக்கொள்கிறது.

பிரிக்கும்போது முப்பதாம் வரிசையின் கடைசிக் கண்ணியில் ஊக்கு ஒன்றை மாட்டிவிடுங்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதைத் தளர்ந்த வளையமாகச் சுற்றி, நனைத்து, நிழலில் தொங்கவிட்டு உலர்ந்த பிறகே மீண்டும் எடுங்கள்.

மறுபடி பின்னும்போது, வெள்ளையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சிவப்பையும் நீலத்தையும் உள்ளே இழுத்துச் செல்ல வேண்டாம். யானை நடுவில் ஒரே இடமாக இருப்பதால், யானைக்கு இடப்பக்கம் ஒரு வெள்ளை உருண்டை, வலப்பக்கம் இன்னொரு வெள்ளை உருண்டை, நடுவில் யானைக்கான நிறங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். துணிக்கிளிப்பிலோ அட்டைத் துண்டிலோ சிறிது சிறிதாகச் சுற்றி வைத்தால் சிக்காது. இப்படிச் செய்தால் வெள்ளைக்குள் சிவப்பு தெரிய வாய்ப்பே இல்லை. உள்ளே சிவப்பு இருந்தால்தானே தெரியும். யானைக்குள் மட்டும் சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று ஒளித்துக்கொண்டு செல்லட்டும். அங்கே ஐந்தாறு கண்ணிக்கு ஒருமுறை பின்னலை இரு பக்கமும் பிடித்து அகலவாக்கில் நன்றாக இழுத்துவிட்டு, பிறகு அடுத்ததைப் போடுங்கள். உள்நூல் தனக்கு வேண்டிய நீளத்தை உருண்டையிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். உங்கள் சிக்கலுக்கு மருந்து இந்த ஒரு பழக்கம்தான்.

நிறம் மாற்றும் இடத்தில், பழைய நிறத்தின் கடைசிப் பின்னலை அந்நிறத்திலேயே முடித்துவிடாதீர்கள். ஊசியில் இரண்டு கண்ணி மிஞ்சும்போது புதிய நிறத்தை எடுத்து இழுத்து முடியுங்கள். யானையின் விளிம்பு கூர்மையாக வரும். திரும்பி வரும் வரிசையில் பின்பக்கம் உங்களை நோக்கி இருக்கும் என்பதால், விட்டுவிடும் நூலை உங்கள் பக்கமாகவே விடுங்கள். மறந்தால் முகப்பில் நூல் தெரியும். யானையின் கண், நகம் போன்ற ஒற்றைப் புள்ளிகளுக்காக நிறம் மாற்றவே வேண்டாம். போர்வை முடிந்தபின் சங்கிலித் தையலில் மேலே தைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: உங்கள் யானை கட்டப் படத்தில் இருப்பதைவிடச் சற்றுக் குட்டையாக வரும். கட்டப் படத்தில் ஒவ்வொரு கட்டமும் சதுரம். குரோஷேயின் அடிப்படைப் பின்னலான சிங்கிள் குரோஷேயோ உயரத்தைவிட அகலம் கூடியது. உங்கள் கணக்கில் 10 செ.மீ.க்கு 16 பின்னல் வருகிறது. உயரத்தில் அதே 10 செ.மீ.க்கு ஏறத்தாழ 18 வரிசை வேண்டியிருக்கும். இதைக் கணக்கிட்டு வரைந்து தருவது விற்றவரின் கடமை. அவர் செய்யவில்லை என்பதால், யானையின் கால் பகுதியில் நான்கைந்து வரிசைகளை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தில் தொங்கும் நூல்கள் அழகுக் குறை மட்டுமல்ல. பச்சைக் குழந்தையின் கைவிரலிலோ கால்விரலிலோ ஒரு நூல் சுற்றிக்கொண்டால், குழந்தை அசைய அசைய அது இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்; அழும் குழந்தைக்கு ஏன் அழுகிறது என்று சொல்லத் தெரியாது. ஆகவே பின்பக்கத்தில் உங்கள் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குக்கூட ஒரு நூல் தொங்கக்கூடாது. நூல் முனைகளை முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்காதீர்கள். ஒரு சாண் நீளம் விட்டு, மழுங்கிய ஊசியால் ஒரு திசையில் செருகி, திரும்பி வந்து, மீண்டும் ஒருமுறை செருகிய பிறகே வெட்டுங்கள். குஞ்சம், பொத்தான், மணி எதுவும் வேண்டாம்.

தொங்கும் நூல் கூடாது என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் விரிவாகச் சொல்கிறேன். போர்வையின் பின்பக்கம் முழுவதையும் உள்துணி வைத்து மூடினால், உள்ளே நூல்கள் சற்று நீளமாக ஓடுவதால் குழந்தைக்குக் கேடு இல்லை. ஆனால் அந்தத் துணி மெல்லிய மல் துணியாகவோ, பலமுறை துவைத்து மிருதுவான பருத்தி வேட்டியாகவோ இருக்க வேண்டும். கடைக்காரர் மென்மையாக இருக்கிறது என்று எடுத்துக் காட்டும் சாட்டினும் ஃபிளீசும் பாலியெஸ்டர். நம் கடற்கரைப் புழுக்கத்தில் குழந்தைக்கு வேர்க்குரு வர அதுவே போதும். புதுத் துணி என்றால் தைப்பதற்கு முன் இரண்டு முறையாவது நனைத்து உலர்த்திச் சுருங்கவிடுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் துணி சுருங்கி, நீங்கள் பாடுபட்டு நேராக்கிய போர்வையை மறுபடி இழுத்துச் சுருக்கிவிடும். ஓரத்தை மட்டும் தைத்து விட்டால் நடுவில் பை போலத் தொங்கும் என்பதால், ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு சிறு தையல் போட்டுப் போர்வையோடு சேர்த்துவிடுங்கள். உள்துணி ஓரிடத்தில் கிழிந்தாலும் விலக்கு அன்றோடு முடிந்தது. தைத்த பிறகே குழந்தையிடம் கொடுக்க வேண்டும். மிக முக்கியமானது, உள்துணி சுருக்கத்தை மறைக்காது. 68 செ.மீ. போர்வைக்கு 75 செ.மீ. துணி வைத்தால் இரண்டும் கெட்டுவிடும். சுருக்கத்தைச் சரிசெய்த பிறகே துணியைப் பற்றி யோசியுங்கள்.

ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைமேல் தளர்ந்த போர்வை எதையும் போர்த்திவிட்டு நகரக்கூடாது. இந்தப் போர்வை, குழந்தையை மடியில் வைத்திருக்கும்போது பயன்படுத்தவும், விழித்திருக்கும் குழந்தையைப் படுக்கவைக்கவும் மட்டுமே.

இனி நூல். உங்கள் கிட்டில் 'நூறு விழுக்காடு மில்க் காட்டன்' என்று எழுதியிருக்கக்கூடும். அந்தப் பெயரில் விற்கப்படும் நூல்களில் பெரும்பாலானவை பருத்தியோடு செயற்கை நார் கலந்தவை. ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கருத்த கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக்கோ கலப்போ. குழந்தைகளுக்குப் பருத்தி தவிர வேறு நூலை நான் பரிந்துரைப்பதில்லை. வாங்கிவிட்ட நூல் கலப்பாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம்; மேலே சொன்னபடி மல் துணி வைத்துத் தைத்தால் உடலில் படும் பக்கமாவது பருத்தியாக இருக்கும்.

சிவப்பு நூலைச் சோதிக்காமல் ஒரு வரிசைகூடப் பின்னாதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். துணியில் நிறம் ஒட்டியிருந்தால் அந்தச் சிவப்பைக் கைவிடுங்கள். வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்தால் நிறம் நின்றுவிடும் என்று விற்பவர்கள் சொல்வது பருத்திக்குப் பொருந்தாது. உடல்நலத்துக்குக் கேடான குறிப்பிட்ட அசோ சாயங்களை இந்திய அரசு 1997-லேயே தடை செய்துவிட்டது. தடை ஏட்டில் இருக்கிறது. கிலோக் கணக்கில் வாங்கிய நூலைப் பிரித்து, விவரப் பட்டை இல்லாத உருண்டையாகச் சுற்றி, யானைப் படம் ஒட்டி விற்பவரிடம் எந்த ஆலை, எந்தச் சாயத்தொகுதி (ஒரே தடவையில் சாயமிட்ட நூல்) என்று கேட்க யாரும் வருவதில்லை. கைக்குழந்தையின் வாய்க்குப் போகும் பொருளில்கூட நார் எது, சாயம் எது என்று எழுதாமல் விற்க முடிகிறதென்றால், சட்டம் யாருக்காக இயற்றப்பட்டது? ஆகவே அச்சிட்ட பட்டையும் சாயத்தொகுதி எண்ணும் இல்லாத நூலை, மார்த்தாண்டத்தில் ஆனாலும் திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற கடைவீதியில் ஆனாலும், வாங்காதீர்கள். வேண்டிய வெள்ளை முழுவதையும் ஒரே எண்ணில், ஒரே நாளில் வாங்குங்கள்; எண் மாறினால் வெள்ளைக்குள்ளேயே நிறக்கோடு விழும்.

முன்பணம் கட்டச் சொல்பவரிடம் சேராதீர்கள். இதை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வியாபாரத்தின் இலாபம் போர்வையில் இல்லை, உங்கள் முன்பணத்திலும் உங்களுக்கு விற்கும் கிட்டிலும் இருக்கிறது. முதல் போர்வையைப் புகழ்ந்து வாங்குவார்கள், இரண்டாவதில் அளவு குறைகிறது என்பார்கள், மூன்றாவதில் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். வாங்கினாலும் கணக்கைப் பாருங்கள். 120 பின்னல், 160 வரிசை என்றால் 19,200 பின்னல். நிமிடத்துக்குப் பன்னிரண்டு போட்டாலும் 1,600 நிமிடம், ஏறத்தாழ 27 மணி நேரம். நிறம் மாற்றுவதும் முனை மறைப்பதும் துவைப்பதும் இதில் சேரவில்லை. கூலியாக 400 ரூபாய் கொடுத்தால் மணிக்குப் பதினைந்து ரூபாய்கூட வராது. ஆந்திரத்தின் நரசாப்பூர் குரோஷே லேசுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டில் இருந்து பின்னும் பெண்ணுக்கு ஒரு பின்னலுக்கு என்ன கூலி என்பதைக் குறியீடு தீர்மானிப்பதில்லை, நடுவில் நிற்பவர் தீர்மானிக்கிறார். விற்க விருப்பம் இருந்தால் அக்கம்பக்கத்தில் நேரடியாக, நூல் விலையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பின்னிக் கொடுங்கள். பணம் உங்களிடமிருந்து அவர்களிடம் போகும் எந்த ஏற்பாடும் வேலைவாய்ப்பு அல்ல.

காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிரித்த பிறகு 130 வரிசை மிச்சம் இருக்கும். நாளொன்றுக்கு இரண்டு வரிசை என்றால் 65 நாள். குழந்தை பிறந்து இருபத்தெட்டு நாள் வரை ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கிறது. பத்து வரிசைக்கு ஒருமுறை அளவு நாடாவை வைத்துப் பாருங்கள்; 74-க்குக் கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்தி அந்தப் பத்தை மட்டும் பிரியுங்கள். முடிந்ததும் மிதமான சோப்பில் இரண்டு முறை அலசி, கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்து உலர்த்திய பிறகே உள்துணியைத் தையுங்கள்.