வயிற்றை விடுங்கள், ஈறைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 38. ஒரு வருடமாக வாய் நாற்றம். பக்கத்தில் போனால் மகனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நெட்டில் தேடினால் வயிற்றுப் புற்றுநோய், கல்லீரல் கோளாறு என்று வருகிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை, மவுத்வாஷ், கிராம்பு எல்லாம் பார்த்துவிட்டேன். பல் தேய்க்கும்போது ஈறில் லேசாக ரத்தம் வருவதால் அந்தப் பக்கம் தேய்ப்பதில்லை. எண்டோஸ்கோபி செய்துகொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். வாய் நாற்றத்தை மட்டும் வைத்து யாரும் வயிற்றில் புற்றுநோயைத் தேடுவதில்லை. எடை இறங்குவது, சாப்பாடு தொண்டைக்குக் கீழே அடைப்பது, மலம் தார் போல் கறுத்துப் போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம். நீங்கள் எதையும் எழுதவில்லை. கல்லீரல் கெட்டு மூச்சில் வாடை வருவது நோய் மிக முற்றிய பிறகுதான். உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை பெரும்பாலும் மூடியே இருக்கும். ஏப்பம் விடும்போது வாடை வரலாம், நாள் முழுக்க வராது. வாய் நாற்றக்காரர்கள் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு அது வாய்க்குள்ளேயே உண்டாவதுதான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ரத்தம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஆரோக்கியமான ஈறில் மென்மையான பிரஷ் பட்டு ரத்தம் வராது. வந்தால் அங்கே அழற்சி இருக்கிறது. பயந்து அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டீர்கள், அங்கே அழுக்குப் படிந்து காரையாக இறுகியிருக்கும். ஈறு பல்லை விட்டு மெல்ல விலகும். அந்த இடுக்கில் காற்றுப் புகாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் சில பாக்டீரியாக்கள் செழித்து வளரும். அவை புரதத்தைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு அதில் ஒன்று. இப்படியே விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். வலியே இல்லாமல் கரையும் என்பதுதான் இதில் மோசம்.

இந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள். காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்வார். ‘கிளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். பல்லை ஆட்டுவது ஈறு நோய். காரை போனதும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அப்புறம், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். உங்கள் வயதில் இதை ஒதுக்கிவிட முடியாது.

ரத்தம் வரும் இடத்தில்தான் மென்மையான பிரஷால் கவனமாகத் தேய்க்க வேண்டும், இரவிலும். நாக்கின் பின்பகுதியையும் மெதுவாக வழியுங்கள். குமட்டும் அளவுக்கு வேண்டாம். மவுத்வாஷ் நாற்றத்தைச் சில மணி நேரம் மறைக்கும். ஆல்கஹால் கலந்தது என்றால் வாயை உலர்த்திவிடும், உலர்ந்த வாய் இன்னும் நாறும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உள்ள மவுத்வாஷை மருத்துவர் சொல்லாமல் வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். கிராம்பு மெல்வதால் பெரிய கெடுதல் இல்லை, காரை மட்டும் போகாது. காலையில் எழுந்ததும் வரும் வாடை எல்லோருக்கும் உண்டு, தூக்கத்தில் எச்சில் குறைவதால். அதற்கு மருந்து தேடாதீர்கள்.

கேஸ் மாத்திரையை மிட்டாய் போல வாங்கி மாதக்கணக்கில் போடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம். திடீரென நிறுத்தினால் சில நாள் நெஞ்சு எரியக்கூடும். அதைப் பார்த்து, நோய் இருக்கிறது என்று மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள். பொது மருத்துவர் ஒருவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள்.

ஈறு சரியாகி ரத்தம் நின்ற பிறகும் நாற்றம் இருந்தால், அடுத்து டான்சிலையும் சைனஸையும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிறு அதற்கும் பிறகுதான்.