98.6 என்ற சராசரியைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: நலமாக இருப்பவரின் சராசரி உடல் வெப்பநிலை 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்கிறார்கள். சிலரை அளந்து பார்த்ததில் சராசரி அதைவிடக் குறைவாக வந்தால், அந்த எண் தவறு என்று சொல்லிவிடலாமா?
– புள்ளியியல் பயிலும் மாணவி ஒருவர்

பதில்: குறைவாக வந்தது என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு குறைந்தது என்பதோடு, அளக்கப்பட்டவர் எத்தனை பேர், அவர்களுக்குள் வெப்பநிலை எவ்வளவு வேறுபட்டது என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ் 1868 இல் வெளியிட்ட 37 டிகிரி செல்சியஸ் என்ற சராசரியே ஃபாரன்ஹீட்டில் 98.6 ஆகிறது. 1992 இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 148 பேரை ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த சராசரி 98.2. அந்த ஆய்வை ஒட்டி, மாணவர்களின் பயிற்சிக்கென 1996 இல் வெளிவந்த 130 அளவீடுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் சராசரி 98.25; அளவீடுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 0.73.

முதலில் 98.6 சரி என்றே வைத்துக்கொள்கிறோம்; இதுதான் இன்மைக் கருதுகோள். அது உண்மையானால், 130 பேரின் சராசரி தற்செயலாக எவ்வளவு விலகக்கூடும்? 0.73 ஐ 130 இன் வர்க்கமூலமான 11.4 ஆல் வகுத்தால், அந்த விலகலின் அளவான திட்டப்பிழை 0.064 என வருகிறது. நம் சராசரியோ 0.35 தள்ளி நிற்கிறது. அதாவது திட்டப்பிழையைப் போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு. 5 விழுக்காட்டு அளவில் (அதாவது, உண்மையான கருதுகோளைத் தவறாக மறுத்துவிடும் வாய்ப்பை 5 விழுக்காடு வரை ஏற்று) மறுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கே போதும் என்பதால், கருதுகோளைத் தயக்கமின்றி மறுக்கலாம்.

இதே 0.35 வேறுபாடு, இதே திட்டவிலக்கத்துடன், 9 பேரிடம் மட்டும் காணப்பட்டிருந்தால் திட்டப்பிழை 0.24 ஆகிவிடும், விகிதம் 1.4 தான். இவ்வளவு சிலரை மட்டும் அளக்கும்போது பார்க்க வேண்டிய டி அட்டவணை, அதே 5 விழுக்காட்டு அளவில் கேட்பது 2.31. அப்போது மறுக்க இயலாது. ஆனால் "98.6 நிரூபிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், விடைத்தாள்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை இது. மறுக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதே சரியான முடிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேரிலாந்தில் அந்த 148 பேரிடமிருந்து 700 அளவீடுகள் எடுக்கப்பட்டன. ஒருவரையே பலமுறை அளந்ததைத் தனித்தனி மனிதர்களாக எண்ணி 700 இன் வர்க்கமூலத்தால் வகுத்தால், திட்டப்பிழை பொய்யாகச் சுருங்கிவிடும். மேலும், இந்தச் சோதனை சராசரியைப் பற்றியது மட்டுமே. 99 டிகிரி காட்டும் ஒருவருக்கு அது இயல்பானதுதானா என்று அறிய, 0.064 ஐ அல்ல, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடான 0.73 ஐயே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.