ஈஸ்னோபீலியாவுக்கு மாத்திரை போடும் முன்

கேள்வி: மகனுக்கு 12 வயது. இரண்டு மாதமாக ராத்திரியில் வறட்டு இருமல். ரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளணுக்கள் 9,000, ஈசினோஃபில் 14 சதவீதம். மெடிக்கல் ஷாப்பில் பிரட்னிசோலோன் கொடுத்திருக்கிறார்கள். போடலாமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம் அம்மா, இப்போது தொடங்காதீர்கள்.

9,000-இல் 14 சதவீதம் என்றால் 1,260. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 வரை இயல்பு. கூடுதல்தான், இதைத்தான் ஈஸ்னோபீலியா என்கிறோம். ஆனால் அது நோயின் பெயர் அல்ல, ஓர் அடையாளம்.

ஈசினோஃபில் எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணு. அதை வளர்த்து ரத்தத்துக்குள் அனுப்புவதில் இன்டர்லூகின்-5 என்ற புரதத்துக்குத்தான் பெரிய பங்கு. ரத்தத்தில் அது சுற்றுவது சில மணி நேரமே. பிறகு திசுக்களுக்குள் இறங்கிவிடும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு மடலாகப் பிரிந்த கரு, அதைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறத்தில் பொடிமணிகள் நெருக்கமாகத் தெரியும். அந்த மணிகளில் இருப்பது புழுவின் தோலை அரிக்கும் புரதங்கள். விழுங்க முடியாத அளவு பெரிய புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொட்டும். தூசி, பூஞ்சை ஒவ்வாமையில் புழுவே இல்லாவிட்டாலும் அதே புரதங்களைத்தான் கொட்டுகிறது. அப்போது அரிபடுவது மூச்சுக்குழாயின் உள்தோல். இருமலும் இளைப்பும் அதனால்தான்.

பிரட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. அதைக் கொடுத்தால் இந்த அணுக்கள் சில மணி நேரத்திலேயே குறையும். ரிப்போர்ட் நன்றாகிவிடும், காரணம் அப்படியே இருக்கும். குடலில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு இருந்துவிட்டால் இன்னும் மோசம்: அது உடலுக்குள்ளேயே பெருகி, உடல் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். வழக்கமான 400 மி.கி. அல்பெண்டசோல் ஒருவேளை மாத்திரை அதற்குப் போதாது, ஐவர்மெக்டின் தேவைப்படும்.

எனவே மூன்று வெவ்வேறு நாள் மலப் பரிசோதனை, நுரையீரல் ஊதல் பரிசோதனையான ஸ்பைரோமெட்ரி, ஒவ்வாமையில் கூடும் ஐ.ஜி.ஈ. என்ற ரத்தப் புரதத்தின் அளவு ஆகியவற்றைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பக்கிங்ஹாம் கால்வாய் போன்ற தேங்கிய சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, யானைக்கால் புழுவைப் பரப்பக்கூடியது. அந்தப் புழுவாலும் ராத்திரி இருமல் வரும். அதில் ஈசினோஃபில் எண்ணிக்கை பொதுவாக 3,000-ஐத் தாண்டும். அப்படியானால் டை எத்தில் கார்பமசின், எடையில் கிலோவுக்கு 6 மி.கி. வீதம் தினமும், மூன்று வாரம், மருத்துவர் மேற்பார்வையில். உங்கள் மகனின் அளவுக்கு ஆஸ்துமா அல்லது குடல்புழு என்பதே என் முதல் சந்தேகம்.

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளின் இடுக்கு உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேசத் திணறினாலோ, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கூட்டிப்போங்கள். அங்கே ஸ்டீராய்டு கொடுத்தால் தடுக்காதீர்கள்.