இரண்டாவது நெட்வொர்க் கார்டு கெட்டுப்போகவில்லை

கேள்வி: அலுவலகச் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று இணையத்துக்கு, மற்றது பேக்கப் பெட்டிக்கு. டெபியன் 12 லினக்ஸ் நிறுவும்போது ஒரு கார்டுக்கு மட்டும்தான் ஐபி கேட்டது. இன்னொன்று வேலை செய்யவில்லை. மெஷின் விற்றவர், “அது லினக்ஸில் ஓடாது, வேறு கார்டு வாங்குங்கள்” என்கிறார். வாங்கட்டுமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். டெபியன் இன்ஸ்டாலர் எது முதன்மைக் கார்டு என்று கேட்கும், அதை மட்டும் அமைக்கும். மற்றதை நீங்களே எழுத வேண்டும் என்று திரையில் ஒரு வரி சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்லாததால்தான் இப்படிக் கார்டு விற்கிறார்கள். ஐபி லிங்க் (ip link) கட்டளையைப் போடுங்கள். பட்டியலில் இரண்டாவது கார்டு இருந்தால் லினக்ஸ் அதைக் கண்டுகொண்டது, விற்பவரிடம் பேச ஒன்றுமில்லை.

எந்தப் பெயர் எந்த போர்ட்? எத்டூல் (ethtool) என்ற கருவியை நிறுவி, ‘பி’ (-p) தேர்வோடு கார்டின் பெயரைக் கொடுத்தால் அந்த போர்ட்டின் விளக்கு மின்னும். பின்னால் போய்ப் பார்த்து, ஒரு டேப்பில் பெயரெழுதி ஒட்டுங்கள். பழைய குறிப்புகளில் வரும் ஈத்0, ஈத்1 பெயர்களை அப்படியே எழுதாதீர்கள். டெபியன் 9 முதல் பெயர் ஸ்லாட்டைப் பொறுத்து வருகிறது.

அப்புறம் கார்டு அமைப்புகள் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் (/etc/network/interfaces) இரண்டாவது கார்டுக்கும் எழுதுங்கள். முதலாவது 192.168.1.10 என்றால் இதற்கு 10.0.0.10 போல வேறு சப்நெட், அதாவது வேறு முகவரித் தொகுதி. முதல் கார்டின் வரிகளைக் காப்பி செய்து கேட்வேயையும் (வெளியே போகும் வாசல் முகவரி) சேர்த்து ஒட்டிவிடுவதுதான் எல்லோரும் விழும் குழி. கேட்வே ஒன்றுதான், அது இணையக் கார்டுக்கு. இரண்டு எழுதினால் ஒன்று பிழை காட்டும், அல்லது இணையத்துக்குப் போக வேண்டியது பேக்கப் பக்கம் போய்த் தொலையும்.

பேக்கப் பெட்டி இன்னொரு ரவுட்டருக்கு அப்பால் இருந்தால்? அப்போதும் இரண்டாவது கேட்வே வேண்டாம். அந்த சப்நெட்டுக்கு மட்டும் ஒரு ரூட் வரி, அதாவது போகும் வழி, சேர்த்தால் போதும். இரண்டாவது கார்டை டிஹெச்சிபியிலும் (ஐபியைத் தானாகக் கொடுக்கும் ஏற்பாடு) விடாதீர்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் அது கேட்வேயைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். தேடித் தேடி அலுத்துப்போவீர்கள்.

சரி, எழுதி முடித்ததும் இஃப்அப் (ifup) கட்டளையால் அந்தக் கார்டை மட்டும் எழுப்புங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் இருந்துகொண்டு மொத்த நெட்வொர்க்கையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சர்வர் பக்கத்தில் மானிட்டரோடு ஆள் இருக்கும்போது ஒருமுறை ரீபூட் செய்து, இரண்டும் தானாக எழுகின்றனவா என்று பாருங்கள்.