பெரியவரின் கணக்கு நோட்டு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் தாத்தா சென்ற ஆண்டு தம் தொண்ணூற்றோராம் வயதில் காலமானார். பதினாறு வயதில் தந்தையை இழந்து நிலப் பொறுப்பை ஏற்றவர். நெல் விதைப்பு முதல் விற்பனை வரை, கடைசி வரைக்கும் வீட்டில் அவர் சொன்னதே நடந்தது. அவரைப் பற்றி ஒரு சிறிய நினைவு நூல் கொண்டுவர நினைக்கிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. உறவினர்கள் எழுதித் தந்த பக்கங்கள் எல்லாம் ‘உழைப்பால் உயர்ந்தவர்’, ‘மண்ணை உயிராக நினைத்தவர்’ என்றே முடிகின்றன. அவர் கைப்பட எழுதியவை கணக்கு நோட்டுகள் மட்டுமே. ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. நிலம் முழுவதையும் மகன்கள் பெயருக்கே எழுதிவைத்தார். என் அத்தைகள் இருவருக்கும் ஒன்றும் தரவில்லை. இதை நூலில் சேர்க்கக் கூடாது என்கிறார் பெரியப்பா. நான் என்ன செய்யட்டும்?

கே.

அன்புள்ள கே.,

உறவினர்கள் தந்த பக்கங்களை ஓரமாக வைத்துவிடுங்கள். பெயரை மாற்றிவிட்டால் அந்த வரிகள் எந்த விவசாயிக்கும் பொருந்தும். உழைக்காத விவசாயி என்று எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் தாத்தா எடுத்த முடிவுகளை எழுதுங்கள். நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்த ஒருவர், எதை விதைப்பது, எதைக் கைவிடுவது, யாரிடம் கடன் கேட்பது, எந்த மாட்டை விற்பது என்று ஆண்டு முழுவதும் தீர்மானித்துக்கொண்டே இருந்திருப்பார். ஒவ்வொரு தீர்மானத்தின் பாரமும் வீட்டில் யாரோ ஒருவர் மேல் விழுந்திருக்கும். இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அவர் நூலுக்குள் வருவார்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வரிசையாக ஒன்பது வரிகள், தேதியும் ‘மழை இல்லை’ என்ற குறிப்பும் மட்டும். பத்தாவது வரியில் ‘செவலை விற்றது’ என்று இருக்கிறது. அதற்கடுத்த வரியை எழுதிவிட்டு, பேனா முனை தாளில் இறங்கும் அளவுக்கு அழுத்தி அடித்திருக்கிறார். கீழே வழக்கம்போலக் கூலிக் கணக்கு தொடர்கிறது. அடித்த வரியில் என்ன இருந்தது என்று கற்பனை செய்து எழுதாதீர்கள். அந்தச் சோதனை உங்களுக்குக் கட்டாயம் வரும். செவலை உழவு மாடாக இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏர் பூட்ட இரண்டு மாடுகள் வேண்டும். ஜோடியில் ஒன்றை விற்றவர் அடுத்த பருவத்தில் யார் மாட்டைக் கொண்டு உழுதார், அதற்கு ஈடாக என்ன செய்தார்? பெரியப்பா அப்போது சிறுவனாக இருந்திருப்பார். மாடு போன நாள் அவருக்கு நினைவிருக்கும். நூலில் எதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்பவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், நிறையப் பேசுவார்.

அடுத்து, நோட்டுகளில் நெல் ரகத்தின் பெயர் மாறும் ஆண்டைத் தேடுங்கள். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 ஏறத்தாழ 130 நாளில் விளைந்தது. பழைய நெட்டை ரகங்கள் பலவற்றுக்கு இன்னும் ஒரு மாதமாவது வேண்டியிருந்தது. உரம் கூடினால் நெட்டைப் பயிர் கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். இந்தக் குட்டைப் பயிர் நின்றது. ஆனால் தண்டு குட்டையானால் வைக்கோலும் குட்டைதான். களத்தில் மூட்டையை எண்ணியவருக்குத் தெரிந்த ஆதாயம், தொழுவத்தில் தீனி போட்டவருக்குப் பற்றாக்குறையாகத் தெரிந்திருக்கலாம். உங்கள் வீட்டில் தீனி போட்டவர் யார்? தாத்தா இப்படியொரு புது ரகத்துக்கு முதல் ஆண்டே மாறினாரா, பக்கத்து வயலின் விளைச்சலைப் பார்த்த பிறகு மாறினாரா, ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பார்த்தாரா என்பதை எழுதினால், ‘துணிச்சலானவர்’ என்றோ ‘நிதானமானவர்’ என்றோ நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூலிப் பக்கங்களில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், கதிர் அறுத்தவர்கள் பெயர்கள் இருக்கும். அவர்களிலோ அவர்களுடைய பிள்ளைகளிலோ சிலரையாவது தேடிப் பார்த்துப் பேசுங்கள். கூலி கொடுத்தவரைப் பற்றிக் கூலி வாங்கியவர் சொல்வது வீட்டார் சொல்வதோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. பாட்டியின் பெயர் அந்தப் பக்கங்களில் இருக்காது. கூலி வாங்காதவர் கணக்கில் ஏறுவதில்லை. வளரும் நாடுகளின் வேளாண் உழைப்பாளர்களில் சுமார் 43 விழுக்காட்டினர் பெண்கள் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2011-இல் கணக்கிட்டது. நூலில் பாட்டிக்கு அன்பான ஒரு பத்தி ஒதுக்கி முடித்துவிடாமல், தாத்தாவின் ஒவ்வொரு பருவத்திலும் அவர் என்ன வேலை செய்தார் என்பதைக் கூடவே எழுதிச் செல்லுங்கள்.

கடைசி வரைக்கும் அவர் சொன்னதே நடந்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அறுபது வயதிலும் உங்கள் பெரியப்பா விதை வாங்க உத்தரவு கேட்டு நின்றிருப்பார். இது உங்கள் வீட்டு வழக்கம் மட்டுமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020-இல் பண்ணை நடத்தியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 65 வயதைத் தொட்டவர் அல்லது தாண்டியவர்.

இனி அத்தைகள் பற்றி. அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். ‘அந்தக் காலம் அப்படி’ என்று பெரியப்பா சொல்வார். அதில் பாதி உண்மை. நார்வேயில்கூடக் குடும்பப் பண்ணையை ஏற்கும் உரிமையில் மகளுக்கு மகனோடு சம இடம் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை 2005-இல் ஏறத்தாழ இந்தியா முழுவதற்கும் வந்தது. தமிழ்நாடு 1989-இலேயே, அன்று மணமாகாதிருந்த மகள்களுக்கு அதைக் கொடுத்திருந்தது. தாத்தா எழுதிய பத்திரத்தின் ஆண்டைப் பாருங்கள். அது பழைய நிலமா, அவரே வாங்கியதா என்றும் பாருங்கள்; தாமே சம்பாதித்ததை விரும்பியவருக்கு எழுதிவைக்கச் சட்டம் அவருக்கு இடம் தந்தது, ஆகவே அங்கே கேள்வி சட்டத்தைப் பற்றியதல்ல. நோட்டுகளில் அவர் விதையை மாற்றியதும், உரத்தை மாற்றியதும், ஏரை விட்டு டிராக்டருக்குப் போனதும் தென்பட்டால், காலம் அவரை மாறவிடவில்லை என்று பத்திர விஷயத்தில் மட்டும் சொல்ல முடியாது. எனினும் குற்றப் பத்திரிகை எழுதிவிடாதீர்கள். எந்த ஆண்டு, எந்த நிலம், யார் பெயருக்கு, அன்று அத்தைகள் எங்கே இருந்தார்கள், அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று நடந்ததை மட்டும் வரிசையாக எழுதினால் போதும்.

எழுதி முடித்ததும் கைப்பிரதியை முதலில் அத்தைகளிடம் கொடுங்கள். அந்தப் பகுதியில் அவர்கள் நீக்கச் சொல்வதைத் தயங்காமல் நீக்குங்கள். பெரியப்பாவுக்குப் பிறகு கொடுக்கலாம். அவருக்கு மறுப்பு இருந்தால், தம் பெயரிலேயே இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி, அதையும் அப்படியே நூலில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்